கருகின காயில் மேல் கோபப்படாதீர்கள்

ஊரிலிருந்து "மோட்டார் போயிருச்சு" என்று போன் வந்தால், வெளிநாட்டில் இருக்கும் நம்மில் முக்கால்வாசிப் பேர் கேட்கும் முதல் கேள்வி "எவ்வளவு ஆகுமாம்?" என்பதுதான். அடுத்த பத்து நிமிஷத்தில் பணம் போய்விடும். ரெண்டு நாளில் காயில் கட்டி மோட்டார் ஓடும். எல்லோருக்கும் சந்தோஷம். ஆறு மாசம் கழித்து மறுபடியும் அதே போன், அதே கேள்வி, அதே பணம்.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். காயில் தானாக எரியாது. ஏதோ ஒன்று அதை எரிக்கிறது. கருகின காயில் குற்றவாளி இல்லை, பலியாடு. காரணத்தைத் தேடாமல் காயிலை மட்டும் மாற்றப் பணம் அனுப்புவது அப்பா அம்மாவுக்குச் செய்யும் உதவி இல்லை. அடுத்த ரிப்பேருக்குக் கட்டும் அட்வான்ஸ்.

இதை எனக்குப் புரியவைத்தவை ரெண்டு இடங்கள். ஒன்று, திருவனந்தபுரம் தம்பானூரில் எங்கள் வீட்டு மோட்டார் போய்வரும் ஒரு வைண்டிங் கடை. இன்னொன்று, இங்கே சிகாகோ பக்கத்தில் நண்பர் வீட்டு பேஸ்மென்டில் இருக்கும் 1980-களின் பின்பால் மெஷின். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சு போடுகிறான் என்று நினைக்க வேண்டாம். ரெண்டுக்கும் ஒரே வியாதி. மெஷினில் இருந்தே ஆரம்பிக்கிறேன், அதில்தான் எல்லாம் கண்ணுக்குத் தெரியும்.

பின்பால் பார்க்காதவர்களுக்கு: சாய்வான ஒரு பலகை, மேலே கண்ணாடி, உள்ளே ஒரு இரும்புக் குண்டு. குண்டு கீழே விழுந்துவிடாமல் ரெண்டு பக்கமும் இருக்கும் சின்னத் தட்டிகளால் அடித்து மேலே அனுப்ப வேண்டும். அந்தத் தட்டிக்கு ஃபிளிப்பர் என்று பெயர். 1947-ல் காட்லீப் கம்பெனி விட்ட 'ஹம்ப்டி டம்ப்டி' என்ற மெஷினில்தான் முதன்முதலாக வந்தது. காட்லீப், பாலி, வில்லியம்ஸ் என்று அந்தக் காலத்துப் பெரிய கம்பெனிகள் எல்லாமே சிகாகோவில் இருந்தவை. பலகையைத் தூக்கிப் பார்த்தால் அடியில் வரிசையாகச் செப்புக் காயில்கள். விளையாடும்போது "டக் டக்" என்று கேட்பதெல்லாம் காயில் கரண்டு வாங்கி இரும்புத் தண்டை உள்ளே இழுக்கும் சத்தம்தான்.

ஃபிளிப்பர் காயிலில் ஒரு தந்திரம் இருக்கிறது. அதில் ரெண்டு சுற்று. ஒன்று தடித்த கம்பி, சுமார் 4 ஓம். இன்னொன்று மெல்லிய கம்பி, 130 ஓம் அளவில். பட்டனை அழுத்தியதும் தடித்த சுற்று வழியாகக் கரண்டு பாய்ந்து தட்டியை வேகமாகத் தூக்குகிறது. 50 வோல்ட் என்று வைத்துக்கொண்டால் 12.5 ஆம்பியர், அதாவது 625 வாட். ஒரு சின்ன இஸ்திரிப் பெட்டி அளவுக்குச் சூடு, கைப்பிடிக்குள் அடங்கும் காயிலில்! கண்சிமிட்டும் நேரம் என்றால் தாங்கும். பட்டனை அழுத்திப் பிடித்தபடியே நின்றால்? அதற்குத்தான் தட்டி உச்சிக்குப் போனதும் ஒரு சின்ன சுவிட்ச் திறந்து தடித்த சுற்றைத் துண்டித்துவிடும். மெல்லிய சுற்று மட்டும் தட்டியைப் பிடித்துக்கொண்டிருக்கும். இப்போது வெறும் 19 வாட். மணிக்கணக்கில் பிடித்தாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது.

அந்தச் சுவிட்ச் திறக்காமல் போனால் காயில் புகையும். ஃபிளிப்பர் காயில் கருகுவதற்கு ரொம்ப சாதாரணமான காரணம் இது. எதிர்ப்பக்கமும் உண்டு. சுவிட்சின் முனை அழுக்காகி ஒழுங்காகத் தொடாவிட்டால் தட்டி சோம்பலாக எழும்பும். உடனே "காயில் வீக் ஆகிவிட்டது" என்று புதுசு வாங்குவார்கள். காயில் என்பது செப்புக் கம்பி. அது வயசாகித் தளர்வதில்லை. சுற்று முழுசாக இருந்தால் அதே பலத்தோடு இழுக்கும். அறுந்தாலோ, உள்ளே ஷார்ட் ஆனாலோ கெட்டுப்போகும். "வீக்" என்று தெரிவதற்குக் காரணம் அனேகமாகக் காயிலுக்கு வெளியே இருக்கும்.

மற்ற காயில்களுக்கு இந்தச் சுவிட்ச் கிடையாது. டிரான்சிஸ்டர் ஒன்று அவற்றை ஓட்டுகிறது. அது உள்ளே ஷார்ட் ஆகிவிட்டால் மெஷினை ஆன் பண்ணியதுமே காயில் இழுத்தபடி நின்று, கொஞ்ச நேரத்தில் நாற்றம் அடிக்கும். டிரான்சிஸ்டரைப் பார்க்காமல் புதுக் காயிலை மாட்டினால் அதுவும் எரியும். இதிலே வேடிக்கை என்னவென்றால், காயில் உள்ளே ஷார்ட் ஆனால் டிரான்சிஸ்டர் போகும், டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆனால் காயில் போகும். ஒன்றை மட்டும் மாற்றுகிறவன் ரெண்டையும் திரும்ப வாங்குவான். காயிலின் ரெண்டு காதுகளுக்கும் குறுக்கே ஒரு சின்ன டையோடு இருக்கும். கரண்டை நிறுத்தும்போது காயில் திருப்பி உதைக்கும் வோல்டேஜை அதுதான் தாங்கிக்கொள்கிறது. அதன் கால் ஒடிந்தால் அடுத்த சாவு டிரான்சிஸ்டருக்கு.

அதனால் பின்பால் ரிப்பேர் தெரிந்தவர் முதலில் எடுப்பது மல்டிமீட்டர். பவரை நிறுத்திவிட்டுக் காயிலின் ஓமைப் பார்ப்பார். ஒன்றுமே காட்டாவிட்டால் கம்பி அறுந்திருக்கிறது. பெரும்பாலும் அதிர்வில், காதில் பற்றவைத்த இடத்திலேயே அறுந்திருக்கும். ஒரு சுற்று பிரித்து, எனாமலைச் சுரண்டி, திரும்பப் பற்றவைத்தால் வேலை முடிந்தது. 2 ஓமுக்கும் கீழே காட்டினால் உள்ளே ஷார்ட் என்று சந்தேகப்பட வேண்டும். ஓம் சரியாக இருந்தும் காயில் அடிக்காவிட்டால், பவர் போட்டு ரெண்டு காதிலும் வோல்டேஜ் பார்ப்பார் (இது பழகினவர் வேலை, 50 வோல்டுக்கு மேல் விளையாட்டு இல்லை). ரெண்டு காதிலும் இருந்தால் சப்ளையும் காயிலும் சரி, கோளாறு டிரான்சிஸ்டர் பக்கம். ஒரு காதில் மட்டும் இருந்தால் காயில் அறுந்திருக்கிறது. ரெண்டிலும் இல்லாவிட்டால் பியூஸையும் வயரையும் பார்க்க வேண்டும். மூன்றே அளவு, மூன்று வேறு வேறு பதில். அதற்கப்புறம்தான் எதை வாங்குவது என்ற பேச்சே.

இப்போது தம்பானூருக்கு வருவோம். நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்துக்காரர்களுக்கு இந்த இடத்தை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. ரயிலில் போனாலும் பஸ்ஸில் போனாலும் அங்கேதான் இறங்க வேண்டும். ரயில்வே ஸ்டேஷன், எதிரே பஸ் ஸ்டாண்ட், பக்கத்தில் லாரி பேக்கர் வடிவமைத்த செங்கல் சுருளாக இந்தியன் காபி ஹவுஸ் (அதுவே ஒரு பெரிய காயில் மாதிரிதான் இருக்கும் :-)). சுற்றிலும் லாட்ஜுகள், சின்னச் சின்ன ஹோட்டல்கள், நடுவே வீடுகள். எல்லாவற்றுக்கும் மாடியில் ஒரு தொட்டி, கீழே ஒரு மோட்டார். வைண்டிங் கடைக்கு வேலை குறையுமா?

வீட்டு மோட்டாரும் ஃபிளிப்பர் மாதிரிதான். சிங்கிள் பேஸ் மோட்டாரில் ரெண்டு காயில், ஒன்று ரன்னிங், இன்னொன்று ஸ்டார்ட்டிங். ரன்னிங் காயில் மட்டும் இருந்தால் மோட்டார் "ம்ம்ம்" என்று முனகுமே தவிர சுற்றத் தொடங்காது. ஸ்டார்ட்டிங் காயிலும் கண்டென்சரும் சேர்ந்துதான் முதல் தள்ளு கொடுக்கின்றன. சின்ன மோட்டார்களில் அந்தக் கண்டென்சர் எப்போதும் இணைப்பில் இருக்கும். கொஞ்சம் கனமான வேலைக்கான மோட்டார்களில், முக்கால் வேகத்தை எட்டியதும் உள்ளே ஒரு சுவிட்ச் ஸ்டார்ட்டிங் காயிலைத் துண்டித்துவிடும். அது ஒட்டிக்கொண்டால் ஸ்டார்ட்டிங் காயில் கருகும். சிகாகோ மெஷினில் பார்த்த அதே கதை!

"மோட்டாரு கத்துது மக்களே, தண்ணி ஏற மாட்டேங்கு" என்று அம்மா சொல்லும்போது அதில் பாதி நோய்க்குறிப்பு இருக்கிறது. முனகுகிறது, சுற்றவில்லை என்றால் கண்டென்சர் போயிருக்கலாம், தண்டு இறுகியிருக்கலாம், வோல்டேஜ் குறைவாக இருக்கலாம். மோட்டாரின் தள்ளும் பலம் வோல்டேஜின் வர்க்கத்துக்குத் தக்கபடி குறையும். 230-க்குப் பதில் 180 வந்தால் பலம் 61 சதவீதம்தான். கிளம்ப முடியாமல் நிற்கும் மோட்டார் வழக்கமான கரண்டைப்போல் ஐந்தாறு மடங்கு இழுக்கும், சூடோ இருபத்தைந்து மடங்குக்கு மேல் போகும். உடனே சுவிட்சை அணைத்தால் 2 நிமிஷத்தில் தீர்ந்துபோகும் பிரச்சனை, "கொஞ்ச நேரம் ஓடட்டும், தானா கிளம்பும்" என்று விட்டால் காயிலில் போய் முடிகிறது. சீலிங் ஃபேன் மெதுவாகச் சுற்றினால் "காயில் போச்சு" என்கிறார்களே, அதிலும் பெரும்பாலும் பழுது அந்த 2.5 மைக்ரோஃபேரட் கண்டென்சர்தான்.

அடுத்தது மழை. தம்பானூர் பள்ளம். நல்ல மழைக்கு ஸ்டேஷன் முன்னால் தண்ணீர் தேங்குவது அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஆமையிழஞ்சான் தோடு ஸ்டேஷனுக்கு அடியிலேயே போகிறது. 2015-ல் 'ஆபரேஷன் அனந்தா' என்று ஒரு திட்டம் போட்டு, வடிகால் மேல் இருந்த ஆக்கிரமிப்புகளை எடுத்துத் தூர் வாரினார்கள். தண்ணீர் ஏன் தேங்குகிறது என்று ரோட்டைத் தோண்டிப் பார்த்த மாதிரிதான் மோட்டாரையும் பார்க்க வேண்டும். நனைந்த மோட்டார் உடனே செத்துவிடுவதில்லை. ஈரத்தோடு சுவிட்ச் போடுவதுதான் அதைக் கொல்கிறது. கழற்றி, நன்றாகக் காயவைத்து, 500 வோல்ட் மெகரில் காயிலுக்கும் பாடிக்கும் நடுவே 1 மெகாஓமாவது காட்டுகிறதா என்று பார்த்த பிறகு போட்டால், பல மோட்டார்கள் காயில் கட்டாமலே பிழைத்துக்கொள்ளும். ரெண்டு நாள் பொறுமை. ஆனால் மாடித் தொட்டி காலியாக இருக்கும்போது அந்தப் பொறுமை யாருக்கு இருக்கிறது?

எங்கள் சித்தப்பா வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். ஒன்றரை வருஷத்தில் மூன்று தடவை காயில் கட்டினார்கள். கட்டியவர் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. நல்ல செப்பு, சரியான கேஜ், வார்னிஷ் போட்டுச் சூட்டில் காயவைத்த வேலை. மூன்றாம் தடவைதான் யாரோ கிணற்றுக்குள் இருந்த ஃபுட் வால்வைத் தூக்கிப் பார்த்தார்கள். வால்வு கசிந்து, ராத்திரியெல்லாம் பைப்பில் இருந்த தண்ணீர் கிணற்றுக்கே திரும்பப் போயிருக்கிறது. காலையில் மோட்டார் வெறும் காற்றை இழுத்து ஓடும். தண்ணீர் இல்லாமல் ஓடினால் பம்பின் சீல் சூடாகித் தேயும். தேய்ந்த சீல் வழியாகத் தண்ணீர் தண்டோடு ஒட்டிக்கொண்டு மோட்டாருக்குள் நுழையும். ஈரம் சேரச் சேர, ஒரு நாள் காயில் ஷார்ட். வால்வு, சீல், ஈரம், காயில் என்று வரிசையாக நடந்த சாவில் எல்லோர் கண்ணுக்கும் பட்டது கடைசி ஆள் மட்டும். வால்வையும் சீலையும் மாற்றிய பிறகு அந்த மோட்டார் வைண்டிங் கடைக்குப் போகவில்லை. மூன்று காயில் கட்டிய கூலிக்கு முன்னால் அந்த வால்வின் விலை கொசுறு.

மூன்று தடவையும் ஏன் யாரும் தேடவில்லை? இங்கேதான் எனக்கு நம்மவர்கள் மேலேயே கோபம். தம்பானூர்க் கடைக்காரரிடம் ஒரு விடுமுறையில் இதைக் கேட்டேன். "தம்பி, காயில் கட்டினா கூலி உண்டு. வீட்டுக்கு வந்து பார்த்து, காயிலுக்கு ஒண்ணும் இல்ல, வால்வுதான் கம்ப்ளெயின்டுன்னு சொன்னா ஒரு சாயா உண்டு" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனால் விஷயம் அதுதான். நாம் செப்புக்குக் காசு கொடுக்கிறோம், தேடலுக்குக் கொடுப்பதில்லை. காசு இல்லாத வேலையை யார் செய்வார்கள்?

இங்கே பின்பால் மெஷினைப் பார்க்க ஆள் வந்தால் வாசலை மிதிப்பதற்கே ஒரு கட்டணம், அதற்கு மேல் மணிக்கு இவ்வளவு. ஒரு மணி நேரம் மீட்டரை வைத்துத் தேடிவிட்டு, ஒரு டாலர்கூடப் பெறாத டையோடை மாற்றினாலும், தேடிய நேரத்துக்கு முழுக் காசு. நாம் முணுமுணுக்காமல் கொடுக்கிறோம். விளையாட்டு சாமானுக்கு! அதே நாம், ஊரில் அப்பா அம்மாவின் தண்ணீர் விஷயத்தில், "சும்மா பார்த்ததுக்கு ஐந்நூறா?" என்று போனிலேயே பேரம் பேசுகிறோம்.

"இந்தக் காலத்தில் யார் சார் காயில் கட்டுறாங்க, புது மோட்டாரே வாங்கிடலாம்" என்று சொல்பவர்கள் உண்டு. சில சமயம் அது சரிதான். அலுமினியக் கம்பி சுற்றின மலிவு மோட்டார், பேரிங் இருக்கும் இடமே தேய்ந்துபோன மோட்டார், பல தடவை எரிந்த மோட்டார் என்றால் வீசிவிடலாம். ஆனால் கசியும் வால்வுக்குப் புது மோட்டார், பழைய மோட்டார் என்ற பேதம் தெரியாது. 180 வோல்டுக்கும் தெரியாது. காரணம் வீட்டிலேயே இருக்க, புது மோட்டார் அதே வழியில்தான் போகும்.

"அங்கே இருப்பவர்கள் ஏமாற்றுகிறார்கள்" என்பது இன்னொரு வாதம். இருக்கலாம். அதற்கு மருந்தும் காரணம் கேட்பதுதான். எரிந்த காயில் சாட்சி சொல்லும். ஸ்டார்ட்டிங் காயில் மட்டும் கருகியிருந்தால் சுவிட்சையோ கண்டென்சரையோ பார்க்க வேண்டும். எல்லாம் ஒரே சீராகக் கருகியிருந்தால் வோல்டேஜ் குறைவு, தண்டு இறுக்கம், அதிக பாரம். ஒரே இடத்தில் மட்டும் பொத்தல் மாதிரி எரிந்திருந்தால் இன்சுலேஷன் காயம் அல்லது ஈரம். இது தெரிந்த வாடிக்கையாளரை ஏமாற்றுவது கஷ்டம். மதிப்பதோ சுலபம், ஏனென்றால் நல்ல தொழிலாளிக்குத் தன் வேலையைப் பற்றிக் கேட்பவர்களைப் பிடிக்கும்.

அதனால் அடுத்த போனுக்கு இதைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்:

1. போவதற்கு முன் சத்தம் எப்படி இருந்தது? முனகியதா, சத்தமே இல்லையா, போட்டதும் டிரிப் ஆனதா?
2. அதற்கு முந்தின வாரம் தண்ணீர் ஏற வழக்கத்தைவிட நேரம் எடுத்ததா?
3. அந்த நேரத்தில் வீட்டு லைட் மங்கலாக இருந்ததா?
4. பழைய காயிலை வெட்டி எடுக்கும் முன் ஒரு போட்டோ வாட்ஸப்பில் வருமா?
5. காரணம் என்ன என்று பார்த்தவர் சொன்னாரா? அதற்குத் தனியாக என்ன கூலி?

அஞ்சாவதுதான் முக்கியம். "காயில் கட்டினாலும் கட்டாவிட்டாலும், வந்து பார்த்துக் காரணம் சொல்வதற்கு இவ்வளவு தருகிறேன்" என்று நீங்களே முதலில் சொல்லிப் பாருங்கள். அந்தச் சொல்லுக்குப் பிறகு அவர் கிணற்றையும் எட்டிப் பார்ப்பார்.

ஒரு எச்சரிக்கை. போனில் கேள்வி கேட்பதோடு நிறுத்துங்கள். அப்பாவை மோட்டார் மூடியைக் கழற்றச் சொல்லாதீர்கள். அணைத்த பிறகும் கண்டென்சரில் கரண்டு தங்கியிருக்கும், ஈரத் தரையில் 230 வோல்ட் மன்னிக்காது. அந்த வேலை தெரிந்தவருக்கே விடுங்கள். வீட்டில் எர்த் கசிவைப் பிடிக்கும் பிரேக்கர் இல்லாவிட்டால், அடுத்த மாசம் அனுப்பும் பணத்தில் முதல் செலவு அதுவாக இருக்கட்டும்.

இந்தியாவின் முதல் மின்மோட்டாரை 1937-ல் கோயம்புத்தூரில் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் செய்தார்கள் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். பெருமைப்பட வேண்டியதுதான். பிரித்துப் பார்த்து, ஏன் என்று கேட்கிற புத்திதான் அவர்களை அங்கே கொண்டுபோனது. நம் பிள்ளைகள் இங்கே ரோபோட்டிக்ஸ் வகுப்புக்குப் போகிறார்கள். ஊருக்கு விடுமுறையில் போகும்போது ஒரு மணி நேரம் வைண்டிங் கடையிலும் உட்காரவையுங்கள். எரிந்த காயிலைக் கையில் வாங்கி, எந்தப் பக்கம் கருகியிருக்கிறது என்று பார்க்கட்டும்.

கொசுறு: பின்பாலோ பம்போ, பியூஸ் போனால் அதைவிடப் பெரிய பியூஸ் போடாதீர்கள். ஊரில் தடித்த செப்புக் கம்பியை முறுக்கிச் சொருகுவார்கள், இங்கே பேஸ்மென்டில் அலுமினியத் தாளைச் சுற்றுவார்கள். பியூஸ் காவல்காரன். காவல்காரன் கத்துகிறான் என்று அவன் வாயை அடைத்தால், அடுத்து எரிவது காயிலோடு நிற்காது.